மங்கிப்போன பழைய பைனாகுலர்: பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா?

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பல வீடுகளில் பரணிலிருந்து ஒரு பழைய பைனாகுலர் இறங்கிவரும். தாத்தாவோ பெரியப்பாவோ ஆசையாக வாங்கியதாக இருக்கும். தோல் உறையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்தால், எதிர்வீட்டு மாடிகூடத் தெரியாது. எங்கும் பால் ஊற்றியது போல மூட்டம். ‘இது அவ்வளவுதான்’ என்று ஓரமாக வைத்துவிட்டு, மொபைலில் புதுசுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள்.

அந்த முடிவு சில நேரம் சரி, பல நேரம் அவசரம். மங்கல் எல்லாம் ஒரே வகை அல்ல. சிலவற்றைச் சுத்தமாக நீக்கிவிடலாம். சிலவற்றுக்குக் காசு செலவழிப்பதே வீண். எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு டார்ச் போதும்.

மங்கல் எங்கே இருக்கிறது?

கண் வைக்கும் பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து, பெரிய லென்ஸ் வழியாக உள்ளே பாருங்கள். வெளிச்சம் நேராகக் கண்ணில் படக் கூடாது.

சிலந்தி வலை போல, வேர் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் புகை படிந்தது போல இருந்தால், பெரும்பாலும் உள்ளே தடவிய பழைய கிரீஸ் ஆவியாகிப் படிந்த படலம். ஏ.சி. காரிலிருந்து வெளியே எடுத்ததும் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது ஈரப்பதம். அதாவது, உள்ளே காற்று போய்வருகிறது. லென்ஸின் ஓரத்தில் வானவில் நிறமோ, மஞ்சள் திட்டோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போயிருக்கலாம்.

கிரீஸ் படலத்தையும், ஆரம்ப நிலைப் பூஞ்சையையும் நல்ல மெக்கானிக் துடைத்துவிடுவார். பசை விட்டுப்போனதைச் சரிசெய்வது பெரிய வேலை. செலவு கட்டுப்படியாகாது.

பூஞ்சைக்கு ஏன் அவசரம்?

பூஞ்சை அழுக்கு மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அது வெளியேற்றும் அமிலம் முதலில் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். அந்தத் தழும்பு துடைத்தால் போகாது. இந்த மழைக்காலத்தில் சுத்தம் செய்தால் தடயமே இல்லாமல் போகக்கூடியது, நாலு வருஷம் கழித்து நிரந்தர வடுவாகிவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே பூஞ்சைக்குத் தீனி. அழகான தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்து அதற்கு உதவி செய்கிறது.

யூடியூப் பார்த்து நாமே கழற்றலாமா?

வேண்டாம். பைனாகுலர் என்பது ஒரே திசையைப் பார்க்க வேண்டிய இரண்டு தொலைநோக்கிகள். உள்ளே இருக்கும் பிரிசம் துளி நகர்ந்தாலும் இரண்டு குழல்களும் வேறு வேறு இடத்தைப் பார்க்கும். மூளை எப்படியோ இரண்டு படங்களையும் ஒட்டவைக்கப் பார்க்கும். விலை? பத்து நிமிஷத்தில் தலைவலி. குறிப்பாக, ஒரு படம் மேலேயும் இன்னொன்று கீழேயும் இருந்தால் கண்களால் சமாளிக்கவே முடியாது.

இதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். தூரத்து மாடியின் கைப்பிடிச் சுவர் போன்ற கிடைக்கோட்டைப் பார்த்தபடி, பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். கோடு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஏறி இறங்கித் தெரிந்தால் சீரமைப்பு தேவை. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: “துடைத்த பிறகு ரெண்டு குழலையும் அலைன் பண்ணித் தருவீங்களா?” பதில் தெளிவாக இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

புதுசு எப்போது நியாயம்?

பெரிய லென்ஸில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி போல வெள்ளையாகவே தெரிந்தால் மேற்பூச்சு இல்லை. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்து பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி. அதை எவ்வளவு துடைத்தாலும் படம் மந்தமாகத்தான் இருக்கும். நீலமோ ஊதாவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பழுது பார்க்கத் தகுதியானது.

ஆகவே கணக்கு எளிது. வளைந்த உடலமைப்புள்ள பழைய மாடல், பூச்சு நன்றாக இருக்கிறது, பூஞ்சை லேசானது என்றால் ஒருமுறை செலவு செய்து சரிசெய்வதே புத்திசாலித்தனம். கண்ணாடி அரித்துவிட்டது, பசை விட்டுவிட்டது, பிரிசம் உடைந்திருக்கிறது என்றால் பாசத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அது ஷோகேஸில் அழகாக இருக்கட்டும்.

புதுசு வாங்குபவர்கள் ‘20 மடங்கு ஜூம்’ விளம்பரத்தில் விழ வேண்டாம். கையில் பிடித்தால் படம் ஆடும். பொங்கல் விடுமுறைப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவருக்கு 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். நைட்ரஜன் வாயு நிரப்பி மூடிய மாடலாக இருந்தால் உட்புறம் மூட்டம் கட்டாது.

இதை மாற்றாவிட்டால் இரண்டுமே வீண்

பழுது பார்த்ததோ, புதுசோ, மறுபடியும் பரணில் உறைக்குள் போட்டால் பூஞ்சை திரும்ப வரும். நைட்ரஜன் மாடலிலும் வெளிப்புறக் கண்ணாடியில் படரும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருக்கிறதா என்று காட்டும் சின்ன மீட்டர். இவ்வளவுதான் தேவை. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு மறுபடி வைக்கலாம்.

இதைவிட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. பரணில் கிடந்த பைனாகுலர்களில் பாதி, பழுதானதால் பரணுக்குப் போனவை அல்ல. பரணுக்குப் போனதால் பழுதானவை.