பழைய மாணவர் பட்டியலில் யார் யார்?



பழைய மாணவர் ஒன்றுகூடல் என்றதுமே நம்மில் பலர், "அது படித்துப் பட்டம் வாங்கியவர்களின் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவதுண்டு. இந்த முறை மட்டும் சற்றுப் பொறுத்துப் படியுங்கள். நான் சொல்லப்போகும் கல்லூரி கடல் கடந்த கல்லூரிதான். ஆனாலும் அதன் கதை நம் லயத்து வாசல்வரை வருகிறது.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே கிர்க்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. நமது நாட்டுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே 1952ஆம் ஆண்டில் அங்கே ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். யுத்த காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதிகள்தாம் கல்லூரியாக மாறின. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா இனத்து இளைஞர்களும் யுவதிகளும் கப்பலேறிப் போய், குளிரில் நடுங்கிக்கொண்டே இரண்டாண்டுகள் படித்துத் திரும்பினார்கள். 1956 பிப்ரவரியில் சுதந்திரப் பேச்சுவார்த்தைக்காக அங்கே சென்றிருந்த துங்கு அப்துல் ரஹ்மான், 1957 ஆகஸ்டு 31 என்ற தேதியை அந்த மாணவர்கள் நடுவே நின்றுதான் முதலில் அறிவித்தார். மலாக்கா திடலில் ஊரறியச் சொன்னது அதற்குப் பிறகு. 1962இல் கல்லூரியை மூடிவிட்டார்கள். ஆக, அதன் ஆயுள் பத்தே ஆண்டுகள்.

அங்கே பயின்றவர்கள் ஆயிரத்துக்கு மேல். ஊர் திரும்பிய அவர்கள் நாடெங்கும் பட்டணத்துப் பள்ளிகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்த நம் பிள்ளைகள், பஸ் ஏறிப் பட்டணம் போய்ப் புகுமுக வகுப்பில் மிரள மிரள உட்கார்ந்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எதிரே நின்ற ஆசிரியர் கிர்க்பியில் படித்தவராகவும் இருந்திருக்கலாம். "எந்தத் தோட்டம்?" என்று அவர் பரிவோடு கேட்ட பிள்ளைகளும் உண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் பின் வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் மறக்க வேண்டாம்.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. மூடிப்போன கல்லூரிக்குப் புதிய மாணவர் வரப்போவதில்லை. கட்டடத்தைப் பார்த்து வருவோம் என்றாலும் பழைய இடம் பழைய இடமாக இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விட்டுவிடவில்லை. கூடினார்கள், கடிதம் எழுதினார்கள், யார் எங்கே என்று குறித்து வைத்தார்கள். கல்லூரி இல்லாமல் போனதனாலேயே பிடிப்பு கூடியதோ என்னவோ!

இப்படிப்பட்ட கூட்டத்தாரின் செய்திகள் வயதுக்கு வயது மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் ஐந்தாறு ஆண்டுகள் எல்லாம் கல்யாணச் செய்தி. கூடப் படித்தவர்களே கணவன் மனைவியான செய்தியும் அதில் வரும். பிறகு பிள்ளைப்பேறு, இடமாற்றம், தலைமையாசிரியர் பதவி. 1970இல் முதலாம் வகுப்பிலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறத் தொடங்கியபோது, ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற இவர்களுக்கு அது பெரிய சோதனை. நாற்பது வயதில் மறுபடியும் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொழிப் பரீட்சை எழுதுவது எளிதா? அதற்கடுத்துப் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள். அப்போதெல்லாம் அரசாங்க உத்தியோகத்துக்கு ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு. ஆகவே எண்பதுகளின் பின்பாதியிலும் தொண்ணூறுகளிலும் ஓய்வுச் செய்தியும் பேரப்பிள்ளைச் செய்தியும். பிறகு கண்புரை, முழங்கால், சர்க்கரை. இன்று முதல் அணியினர் தொண்ணூறைத் தாண்டியவர்கள். கடைசி அணியே எண்பதைக் கடந்துவிட்டது. இப்போது வரும் செய்தி எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த மாதிரிச் செய்திகளில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. மகன் டாக்டர், மகள் வக்கீல் என்று எழுதுகிறவர்கள் மறக்காமல் எழுதுகிறார்கள். மனைவியை இழந்து தனியறையில் இருக்கிறவர், பிள்ளை தறுதலையாகிப் போனவர், கடனில் மாட்டியவர் எழுதுவதேயில்லை. ஐந்தாண்டு சேதி இல்லை என்றால் அதுதான் பெரிய சேதி. விவரம் தெரிந்த நண்பர்கள், எழுதியவருக்குப் பாராட்டு அனுப்புவதற்கு முன்னால், எழுதாதவர் வீட்டுக்கதவைப் போய்த் தட்டுவார்கள்.

நம் பக்கம் வருவோம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆயாக்கொட்டகை ஓரத்தில் ஒற்றை வாத்தியாரோடு நடந்த பள்ளிகளும் அதில் சேர்ந்தவைதாம். சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் விற்றுப்போய் வீடமைப்பு வந்தது, மக்கள் கலைந்தார்கள், பள்ளியும் போனது. கிர்க்பிக்காரர்களைப்போல நாமும் மூடிப்போன பள்ளியின் பிள்ளைகள்தாமே! அவர்களிடம் பட்டியல் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பெரட்டுக்களத்தில் விளையாடியவர்கள், நாளிதழின் மரண அறிவிப்பைப் பார்த்துத்தான் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறோம்.

ஆகவே, உங்கள் தோட்டத்துக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். கைத்தொலைபேசிக் குழு வைத்திருக்கிறோம் என்பீர்கள். காலை வணக்கப் படம் வருகிறதே தவிர, யார் எந்த ஆண்டு படித்தார்கள் என்று அதில் தேட முடியுமா? பழைய வாத்தியார் யாராவது உயிரோடிருந்தால் முதலில் அவரிடம் போங்கள். பள்ளியை வேறிடத்துக்கு மாற்றியிருந்தால், சேர்க்கைப் பதிவேடு என்னவாயிற்று என்று அங்கே விசாரியுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்று தங்கையைத் தூக்கி வளர்த்தவள், பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனவன், எல்லாரும் அந்தப் பள்ளியின் பிள்ளைகளே. டாக்டருக்கு ஒரு வரி என்றால், அந்த அக்காவுக்கும் ஒரு வரி.

ஒரு தோட்டத்தில் நான்கு முனியாண்டி, ஐந்து லெட்சுமி இருப்பார்கள். 'கிராணி வீட்டுக்குப் பக்கத்து', 'மேட்டு லயத்து' என்று அடையாளமும் சேர்த்துக் குறியுங்கள். பெண்களைத் தகப்பனார் பெயரோடு எழுதுங்கள். 'இன்னார் மனைவி' என்று மட்டும் எழுதினால், கூடப் படித்த தோழிக்கு அவள் யாரென்றே தெரியாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், நாம் வாயில் வழங்கிய பெயர், இரண்டுமே வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டாவது பெயர் தெரிந்திருக்காது. தொலைபேசி எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், அடிக்கடி மாறும்.