சும்மா தொங்குற ரெண்டாவது ஒயர்

எந்த ஆபீஸ் சர்வர் ரூமுக்குப் போனாலும் பார்க்கலாம். ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல (லைட் போடற சுவிட்ச் இல்லீங்க, நெட்வொர்க் சுவிட்ச்) ரெண்டு ஒயர் இருக்கும். ஒண்ணு ஓடும், இன்னொண்ணு சும்மா தொங்கும். கேட்டா "அது பேக்கப்"னு பெருமையா சொல்லுவாங்க. அந்தப் பெருமை மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

ரெண்டையும் சேர்த்து ஓட விட்டா என்னன்னு கேட்கலாம். (ஒண்ணா கட்டி ஓட்டற வழியும் இருக்கு, அது வேற கதை.) சும்மா விட்டா ஈதர்நெட் பாக்கெட் செக்குமாடு மாதிரி வட்டமடிச்சு, பெருகி, மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். இதுக்கு 1985-ல டெக் கம்பெனியில இருந்த ராடியா பெர்ல்மன் கண்டுபிடிச்சதுதான் ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகள் 2 வினாடிக்கு ஒரு தடவை "இருக்கேன், இருக்கேன்"னு குரல் கொடுத்துக்கும். வட்டம் உண்டாக்கற போர்ட்டை அடைச்சு வெச்சுக்கும். ஓடற ஒயர் அறுந்தா அடைச்சதைத் திறந்து விடும். பழைய முறையில இதுக்கு 30-லிருந்து 50 வினாடி ஆகும். 2001-ல வந்த ராபிட் ஸ்பேனிங் ட்ரீயில பெரும்பாலும் ஓரிரு வினாடி.

அருமையான ஏற்பாடுதான். ஆனா அந்த ஒயர் நிஜமா வேலை செய்யுமான்னு யாராவது பார்த்தாங்களா? நான் முன்னாடி இருந்த ஒரு ஆபீஸ்ல பேக்கப் ஒயரோட மறுமுனையை எதுலயும் சொருகவே இல்லை. ரேக்குக்குப் பின்னாடி சுருட்டி வெச்சிருந்தாங்க. லேபிள் மட்டும் ஜோரா ஒட்டியிருந்தது :-)

சொருகியிருந்தா மட்டும் போதுமா? 2002 நவம்பர்ல பாஸ்டன்ல இருக்கற பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரிக்கு நடந்ததைப் பாருங்க. மாற்றுப் பாதையெல்லாம் இருந்தது. ஆனா வருஷக்கணக்கா சுவிட்ச் மேல சுவிட்சா ஒட்டுப் போட்டு, ஸ்பேனிங் ட்ரீ தாங்கற 7 தாவலைத் தாண்டிட்டாங்க. ஒரு நாள் டிராஃபிக் எகிறினதும் அந்த மாற்றுப் பாதைகளே வட்டமா மாறி நெட்வொர்க்கை அமுக்கிடுச்சு. நாலு நாள் டாக்டருங்க பேப்பர்ல எழுதி ஓட்டினாங்க.

அடுத்தது, பேக்கப் எந்த வழியா போகுதுங்கறது. 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்து அலெக்ஸாண்ட்ரியா பக்கம் சீ-மீ-வீ 4, ஃபிளாக் ரெண்டு கடல் கேபிளும் அறுந்து, இந்தியாவோட இண்டர்நெட் கிட்டத்தட்ட பாதி போச்சு. பேர் வேற, கம்பெனி வேற, ஆனா கடல்ல வழி ஏறக்குறைய ஒண்ணு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் பக்கம் கிழக்கே போற கேபிள் கையில இருந்தவங்க அந்தப் பக்கம் திருப்பி விட்டு சமாளிச்சாங்க.

அவ்வளவு தூரம் போவானேன், எங்க வீராம்பட்டினத்துக்கே வாங்க. வீட்டுலேர்ந்து வேலை பார்க்கற நண்பர் ஒருத்தர், "ரெண்டு கம்பெனி ஃபைபர் வெச்சிருக்கேன், எனக்கு டவுனே ஆகாது"ங்கறார். வாசல்ல போய் அண்ணாந்து பார்த்தேன். ரெண்டும் ஒரே கரண்ட் கம்பத்துல பிணைஞ்சு தொங்குது. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறினப்ப கம்பங்கள் வரிசையா சாய்ஞ்சதை அவரும்தான் பார்த்தவர். ரெண்டு பில் கட்டறார், பேக்கப் ஒண்ணுகூட கிடையாது.

என் கட்சி இதுதான்: மாசம் ஒரு தடவை ஓடற ஒயரைப் பிடுங்கணும். ஆளில்லாத சனிக்கிழமை மத்தியானம், எல்லாருக்கும் சொல்லிட்டு, கையில வாட்ச் வெச்சுக்கிட்டு. "நல்லா ஓடறதை எதுக்கு நோண்டற?"ன்னு மேனேஜர் கேட்பார், கேட்காத மேனேஜர் உண்டா! பிடுங்கி எதாவது கெட்டா சொருக ஆள் பக்கத்துலயே நிக்கறான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா அறுந்தா எவன் நிப்பான்?

நண்பர்கிட்டயும் சொல்லிட்டேன், ஒரு கனெக்ஷனை கட் பண்ணிட்டு ஒரு மொபைல் டேட்டா கார்டு வாங்குங்கன்னு. புயல்ல டவரும் பேட்டரி தீர்ந்தா போயிடும்தான், ஆனா அந்தக் கம்பத்தோட சேர்ந்து போகாது. "ஐப்பசி மழை வரட்டும், பார்க்கலாம்"ங்கறார்.