ஆகாய தூரமும் வாசற்படித் தூரமும்

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 420 கிலோமீட்டர். பிரயாணம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இக்கணக்கில் பிழையில்லை. ஆனால் இது யாருடைய கணக்கு என்பதே நமது கேள்வி. உத்தமபாளையத்து மனிதரின் கணக்கு நிச்சயமாக இதுவன்று.

அவருக்கு மதுரை, தேனி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ் அவரை இறக்கிவிடுவது ஆரப்பாளையத்தில். விமான நிலையமோ நகருக்குத் தெற்கே, அவனியாபுரத்திற்கும் அப்பால். அதன் வாசலை மிதிப்பதற்குள் மூன்றரை மணி நேரம் கழிந்துவிடும். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி முன்பே கவுண்டரை மூடிவிடுவார்களாதலால், அதற்கும் முந்தி வந்து காத்திருத்தல் வேண்டும். அப்புறந்தான் அந்தப் பிரசித்தி பெற்ற ஒன்றேகால் மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை மீட்டு நகருக்குள் சேர இன்னும் ஒரு மணி. ஆக ஏழெட்டு மணி நேரம்! இரவு பஸ்ஸில் ஏறிப் படுத்தவரோ பத்துப் பதினொரு மணி நேரத்தில், பெரும்பகுதி தூக்கத்திலேயே, சென்னையை அடைந்துவிடுகிறார். பகற்பொழுது அவருக்கு மிச்சம், பணமும் மிச்சம்.

விமானத்தை நாம் இகழவில்லை. கடல் கடந்து பிழைக்கச் சென்ற மகன் தகப்பனாரின் ஈமக்கடனுக்கு வந்து சேருவது அதனாலன்றோ? எனினும், விமான நேரத்தைக் காட்டி, தென்பாண்டி நாட்டின் போக்குவரத்துக் குறை தீர்ந்ததென்று பேசுவோரின் வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

ரயில் விஷயம் என்ன? 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010-ஆம் வருஷ முடிவில் மூடப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். மதுரையோடு நின்ற சென்னை ரயிலொன்றும் அப்போது போடி வரை நீட்டப்பட்டது. நன்று. ஆனால் இந்த ரயில் போகும் வழியைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து திண்டுக்கல் வந்து, மதுரைக்கு இறங்கி, அங்கிருந்து மேற்கே திரும்பித் தேனிக்கு வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து தேனிக்குச் சாலை வழி சுமார் 75 கிலோமீட்டர். ரயிலோ 130-க்கு மேல் சுற்றுகிறது. அதிலும் பாதை தேனியில் போடிப் பக்கம் ஒதுங்கிவிட, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் தண்டவாளத்தையே காணவில்லை. புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இவ்வூர்களில்தான் விளைகிறது. கூடையில் ஏறிய மறுகணமே நலியத் தொடங்கும் பண்டம் அது.

திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம், தேனி வழியாக லோயர்கேம்ப் வரை பாதை வேண்டுமென்பது நெடுநாளைய கோரிக்கை. பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்குக்கு இறங்கி வருகிறது. மலையடிவாரம் வரை பெரிய ஏற்றமில்லாத நிலத்தில் ரயில் வர இத்தனை தயக்கமா!

தூரத்தைக் குறைக்க வேறு வழியும் உண்டு. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தது; அன்றோடு இத்தாலுகாக் கட்சிக்காரருக்குச் சென்னைப் பிரயாணமே பெரும்பாலும் ஒழிந்தது. வக்கீல் தொழிலை அறிந்த நமக்கு அதன் அருமை நன்கு தெரியும். ஆனால் தலைமைச் செயலகத்தையும் சென்னைத் துறைமுகத்தையும் அவ்வாறு பெயர்த்துக்கொண்டு வர இயலாது. ஆகவே நமது பிரதிநிதிகள் ரயில்வே மந்திரியிடம் கேட்டுத் தெளிய வேண்டியது இதுவே: திண்டுக்கல்–லோயர்கேம்ப் பாதைக்கு முதல் மண்வெட்டி விழுவது எந்த வருஷத்தில்?