ஊர் வரலாறுகளில் காணாமற்போன மூத்தம்மா

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையான எங்கள் கரையோரத்தில் ஊர் வரலாறு எழுதுவது ஒரு போகச் செய்கை போலாகிவிட்டது. எழுதட்டும்; நல்லதுதான். ஆனால் அந்நூல்களின் முதல் அத்தியாயத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரு மரக்கலம் வரும். அதிலிருந்து யெமன் தேசத்து வணிகர் ஒருவர் இறங்குவார். அவருக்கு நீண்டதோர் அரபுப் பெயர் இருக்கும். அவர் இங்கே 'உள்ளூர்ப் பெண் ஒருத்தியை' மணந்துகொள்வார். அத்தோடு ஊர் உண்டாகிவிடும். எந்த ஆவணத்திலும் இல்லாத அந்த மனிதருக்குப் பெயர் இருக்கிறது. நம் எல்லோரையும் பெற்ற அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. நான் கேட்பது இந்த அநியாயத்தைப் பற்றித்தான்.

எங்கள் குடும்பத்திலும் இப்படியொரு கதை உண்டு. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலந்தொட்டு அந்த முதல் மனிதரை ஏட்டில் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை எனக்கிருந்தது. ஆகஸ்ட் விடுமுறைகளில் கொழும்புக்குப் போய் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் குந்தியிருந்து பார்த்தவன் என்ற வகையில், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமையுண்டு.

முதலில், 'கல்முனை' என்றோ 'அம்பாறை' என்றோ தேடிப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். அம்பாறை மாவட்டம் 1961இல் உண்டானது. அதற்கு முந்திய நம் கதை முழுவதும் மட்டக்களப்புக் கட்டுகளுக்குள் கிடக்கிறது. கல்முனைப் பக்கம் அதற்குள்ளே கரைவாகுப் பற்று. அடுத்து, தோம்பு, தோம்பு என்கிறார்கள். ஒல்லாந்தர் எழுதிய காணித் தோம்புகள் யாழ்ப்பாணம், கொழும்பு, காலிப் பகுதிகளுக்கே பெயர்பெற்றவை. அங்குள்ளவர் தன் பூட்டனைத் தோம்பில் கண்டெடுத்தார் என்பதற்காக நமக்கும் அது வாய்க்குமென்று எண்ணுவது வீண்.

போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும், கண்டி அரசன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் நம் மேடைகளில் ஓயாது சொல்லப்படும் செய்தி. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது குவைரோஸ் பாதிரியாரின் நூல். அவர் கோவாவிலிருந்து எழுதியவர். இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். அந்த நாலாயிரத்தில் ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். அங்கே தலைமை அதிகாரியாயிருந்த யாக்கோப் பர்னாந்து தன் பின்னவருக்கு 1794இல் ஒரு நீண்ட குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருடைய கவலை வேறு: விளைச்சல், வருமானம், யாரிடமிருந்து என்ன பெறலாம் என்பது. பிறகு வந்த வெள்ளைக்காரன் 1871இல் முறையான குடிசன மதிப்பீட்டைத் தொடங்கினான். அதன் அறிக்கைகளில் நாம் இலக்கங்களாக இருக்கிறோம். கச்சேரிக் கடிதங்களில் பெயர் உள்ளவர்கள் வன்னிமை, உடையார், விதானை, குத்தகைக்காரர். அரசுக்கு வரியோ வேலையோ கொடுத்தவர்கள். முதலில் காடு வெட்டியவனை எவனும் எழுதி வைக்கவில்லை.

பெயர் கிடைத்தாலும் பயனில்லை என்பது அடுத்த செய்தி. ஒரே ஊரில் எத்தனை மீராலெவ்வை, எத்தனை ஆதம்லெவ்வை! மூத்தவாப்பாவின் பெயரையே பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். போதாததற்கு ஆங்கிலம் எழுதிய கிளாக்கர் ஒரே மனிதரை நாலு விதமாக எழுதுவார்.

இவற்றைவிடப் பெரிய தடையொன்று உண்டு. நம் வரலாற்றாசிரியர்கள் அதைக் கண்டும் காணாதவர்போல் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆண் கலியாணம் முடித்ததும் பெண்வீட்டுக்குப் போகிறான். மருதமுனையில் பிறந்தவன் சாய்ந்தமருதில் வாழ்கிறான், அவன் மகன் நிந்தவூரில், பேரன் அக்கரைப்பற்றில். ஊர்வாரியாக எழுதப்பட்ட ஏடுகளில் தகப்பன் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருதரம் கயிறு அறும். அதே வேளை, பெண்ணோ தாயின் வளவிலேயே இருக்கிறாள். உம்மாவின் வீடு மகளுக்குச் சீதனமாகிறது. வளவைப் பங்கிட்டு அடுத்த மகளுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். அறாத கயிறு அவள் கையில் இருக்க, நாம் அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு யெமன் வரைக்கும் போகிறோம்.

இந்த அரபு வாப்பாவை எங்களுக்குத் தந்தது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டசபையில் பேசி, 1888இல் அச்சிலும் கொண்டுவந்த வாதம், சோனகர் இனத்தால் தமிழரே என்பது. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலமது. 1889இல் எம். சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். இராமநாதனுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. அஸீஸின் துணிவை நான் மதிக்கிறேன். நம்மை ஒரு சமூகமாக எண்ணச் செய்ததில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் அந்த வழக்கு கொழும்பில் நடந்தது. ஓர் ஆசனத்துக்காக நடந்தது. இரு தரப்பாரும் வாதிட்டது தகப்பன் யார் என்பதைப் பற்றியே. அந்த வழக்கின் தீர்ப்பைக் கரைவாகுப் பற்றின் வரலாறு என்று எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கென்ன?

நமக்கென்று இருப்பது குடி. கல்முனையிலும் சுற்றூர்களிலும் பிள்ளை பிறந்தால் அது தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருந்தார். அந்தக் குடிகளின் பெயர்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பொன்னாச்சி குடி என்கிறோமே, அந்தப் பொன்னாச்சி யார்? மரக்கலத்தில் வந்த வணிகரா? அவள் ஒரு பெண். தமிழ்ப் பெயருடைய பெண். நாம் தேடிக்கொண்டிருக்கும் முதல் மூதாதையின் பெயரை எந்தக் கச்சேரியும் எழுதாமலே நம் வாய்கள் காப்பாற்றி வைத்திருந்தன.

நம்மவர்கள் இதைத் தொடத் தயங்குவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. தாய்வழிக் குடி முறை நமக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்து ஊர்த் தமிழருக்கும் அதுவே முறை. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' குடிகளைப் பற்றிப் பேசுகிறது. 1990இன் இரத்தத்துக்குப் பிறகு 'யார் முந்தி வந்தது' என்பது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இருக்கவில்லை. காணிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எல்லைக்கும் அது ஆயுதமாயிற்று. ஆயுதத்துக்கு அரபு வாப்பா உதவுவார், பொன்னாச்சி உதவமாட்டாள். அவள் இரண்டு பக்கத்துக்கும் உறவுக்காரி.

மறுப்புகள் வரும், தெரியும். 'குடி ஜாஹிலிய்யத் அல்லவா?' என்பார்கள். குடிப்பெருமை பேசுவது, மரைக்கார் பதவிக்காகப் பள்ளிவாசலில் அடிபடுவது, ஒரு குடியை மற்றதற்குத் தாழ்வென்பது இவையெல்லாம் ஒழிய வேண்டியவையே. ஆனால் யெமன் வம்சப் பெருமை மட்டும் ஜாஹிலிய்யத் இல்லையா? 'அரபுத் தொடர்பையே மறுக்கிறீரா?' என்பார்கள். மறுக்கவில்லை. இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்து போனார். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் வந்தார்கள். வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே இருக்கலாம். இருக்கலாம் என்பதை இருந்தார் என்று எழுதி, அவருக்கொரு பெயரும் சூட்டி, பொன்னாடையும் போர்த்துவதைத்தான் வேண்டாமென்கிறேன்.

இது பழங்கதை பற்றிய சண்டை என்று நினைத்தால் தவறு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்து நாட்டிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் எடுத்தது. கரையோரத்தில் அழிந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. பதிலுக்குப் புதுவீடு கொடுத்தபோது, 'குடும்பத் தலைவர்' என்ற கூட்டில் பல இடங்களில் புருஷனின் பெயர் எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வீடு ஒரே கையெழுத்தில் கைமாறியது. அதற்கு முன்பே நாமும் பழகித்தான் இருந்தோம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வந்தபோது பதிவுப் படிவத்தில் மணமகனுக்கும் வலிக்கும் கையெழுத்திட இடமிருந்தது, மணமகளுக்கு இருக்கவில்லை. ஏடு எழுதுகிறவன் பெண்ணை விட்டுவிட்டு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு வெள்ளைக்காரன் காலத்துக்குப் போகத் தேவையில்லை. வரலாறு எழுதும் நாமும் அதே கிளாக்கரின் பேனையைத்தான் பிடித்திருக்கிறோம்.

அப்படியானால் எங்கே தேடுவது? காணி உறுதிகளில் தேடுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும். உறுதி நான்கு எல்லைகளையும் சொல்லும். எல்லையில் அயலவரின் பெயர் வரும். அங்கே இன்னாரின் உம்மா, இன்னாரின் பெண்சாதி என்று பெண்கள் வருவார்கள். ஒரு வளவைப் பிடித்து உறுதியிலிருந்து முன்னுறுதிக்குப் போங்கள். மனிதரைத் தொடராமல் மண்ணைத் தொடருங்கள். பள்ளிவாசல் அலுமாரிகளில் பழைய கடுத்தப் புத்தகங்கள் இருக்கின்றன. சீதனமாக எந்த வளவு, யாரிடமிருந்து என்று அவற்றில் கிடைக்கும். நம்பிக்கையாளர் சபைகள் அவற்றைக் கறையானுக்குக் கொடுக்காமல் படம்பிடித்து வைக்கட்டும். ஒரு கைப்பேசி போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரையச் சொல்கிறோம். பிள்ளை வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று எழுதி மூன்றாவது படியில் நின்றுவிடுகிறது. உம்மா பக்கம் வரையச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் மூத்தம்மாவைக் கேட்கும். 'நாம என்ன குடி?' என்று பேரப்பிள்ளை கேட்டால் அந்தக் கிழவி ஐந்து தலைமுறைப் பெண்களை வரிசையாகச் சொல்வாள். எந்த வளவு யாருக்குப் போனது, எந்தக் குடியில் பெண் எடுத்தார்கள் என்றும் சொல்வாள்.

ஆனால் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களின் பெண்மக்களுக்குக் குடியின் பெயர் மட்டும் தெரியும். பேத்திகளுக்கு அதுவும் தெரியாது. கொழும்புச் சுவடிகள் இருநூறு வருடம் இருந்தன, இன்னும் இருக்கும். அவற்றைப் பிறகும் போய்ப் பார்க்கலாம். வருகிற நோன்புப் பெருநாளைக்கு மூத்தம்மாவிடம் ஸலாம் சொல்லப் போகும்போது ஒரு கொப்பியையும் கொண்டு போங்கள்.