ஐ.எஸ்.ஓ பூச்சாண்டியும் இருட்டுல போன முகங்களும்

செப்டம்பர் முடிஞ்சா கனடாவுல ஐஸ் ஹாக்கி சீசன். டொராண்டோ சுத்துவட்டாரத்துல நம்மாளுங்க வீட்டுப் பிள்ளைங்களும் இப்ப இதுல இறங்கியாச்சு. ஆள் உசரப் பையை இழுத்துக்கிட்டு பிள்ளை முன்னாடி போக, கழுத்துல புதுக் கேமராவோட அப்பாவோ அம்மாவோ பின்னாடி. நாலு மேட்ச் இப்படிப் போகும். அப்புறம் கேமரா அலமாரிக்குப் போயிடும். கேட்டா, "உள்ளரங்க ஹாக்கியெல்லாம் நமக்கு வராதுங்க, அதுக்குப் பெரிய லென்ஸ் வேணுமாம்" அப்படின்னு பதில்.

அந்த "வேணுமாம்" மேலதான் எனக்குக் கடுப்பு. யாரு சொன்னா? கேமராக் கடைக்காரர், ஆபீஸ்ல ஏற்கனவே பெரிய லென்ஸ் வாங்கிட்டு அதை நியாயப்படுத்த வேண்டிய கட்டாயத்துல இருக்கிற அண்ணாச்சி, அப்புறம் வீடியோவுல பாடம் எடுக்கிற மகானுபாவர்கள். மூணு பேரும் ஒரே பாட்டு. 70-200 எஃப் 2.8 லென்ஸ் இல்லாம அரீனா பக்கம் வராதே, ஐ.எஸ்.ஓ 800 தாண்டாதே, ஐஸ் வெளிறிப் போகாமப் பாத்துக்கோ. புதுசா வர்றவன் படம் கெட்டுப்போறதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

முதல்ல ஐ.எஸ்.ஓ பூச்சாண்டி. நம்ம ஊர்ப் பேட்டை அரீனாவுல வெளிச்சம் ரொம்ப சுமார். கண்ணுக்குப் பளிச்னு தெரியும், கேமராவுக்குத் தெரியாது. எஃப் 2.8-ல வச்சு, ஷட்டரை 1/500-ல வச்சா, ஐ.எஸ்.ஓ கிட்டத்தட்ட 3200 கேக்கும். "அய்யய்யோ புள்ளி புள்ளியா வருமே" னு பயந்து 800-க்கு இறக்கினா என்ன ஆகும்? ரெண்டு ஸ்டாப் போச்சு, ஷட்டர் 1/125-க்கு வந்து நிக்கும். இப்பக் கணக்குப் போடுங்க. பனிச்சறுக்குல ஒரு பையன் மணிக்கு 30 கிலோமீட்டர்ல வர்றான்னு வைங்க. 1/125 செகண்டுல அவன் ஏழு சென்டிமீட்டர் கிட்ட நகர்ந்திருப்பான். ஹாக்கி பக்கோட விட்டமே மூணு அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர் சொச்சம். ஒரு பக் அகலத்துக்குக் கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். 1/500-ல அதே ஆட்டம் ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள அடங்கும். 1/1000 கிடைச்சா இன்னும் பாதி. புள்ளியைக் குறைக்க இன்னிக்கு மென்பொருள் இருக்கு, அதுவும் பிரமாதமா வேலை செய்யுது. இழுபட்ட முகத்தை ஒட்டவைக்க எவன்கிட்ட என்ன இருக்கு?

கேமராவோட கூடவே வர்ற எஃப் 5.6 லென்ஸ்தான் கையில இருக்கா? தாராளமா 12800 வைங்க. இப்ப வர்ற கேமராக்கள் தாங்கும். கொஞ்சம் காசு இருந்தா 85 மிமீ எஃப் 1.8 வாங்குங்க, பழசு கிடைச்சாலும் சரி. பெரிய லென்ஸ் விலையில ஒரு சின்னப் பங்குதான் ஆகும், வெளிச்சமோ அதைவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல கூட வாங்கும். ஜூம் இல்லைதான். மொத்த மைதானமும் 200 அடி நீளம், 85 அடி அகலம். எதிர்க்கோடியில நடக்கறதை விட்டுட்டு உங்க பக்கம் வர்றதை எடுங்க, போதும். பத்திரிகைக்குப் படம் வித்துப் பிழைக்கிறவருக்குப் பெரிய லென்ஸ் தேவை, அதை நான் மறுக்கலை. மகன் ஆட்டத்தை எடுக்க வந்தவரைக் கிரெடிட் கார்டுல கடன் வாங்க வைக்கிறதைத்தான் அக்கிரமம்கிறேன்.

பாபி ஓர் காத்துல பறக்கிற அந்தப் பிரபலமான படத்தைப் பாத்திருப்பீங்க. 1970 மே 10, பாஸ்டன் கார்டன், கூடுதல் நேரம் தொடங்கி 40 செகண்டுல கோல். எடுத்தவர் ரே லூசியர்ங்கிற பத்திரிகைப் போட்டோகிராபர். ஆட்டோஃபோகஸ் இல்லாத, செகண்டுக்கு இருபது படம் தள்ளாத காலம். அவர் பண்ணினது, பாஸ்டன் கோல் அடிச்சா எந்தப் பக்கம் அடிக்கும்னு யோசிச்சு அந்தக் கோடிக்கு நடந்துபோனதுதான். அங்க காலியா இருந்த ஸ்டூல்ல உக்காந்தார், அந்த ஸ்டூலுக்குச் சொந்தக்காரர் பீர் வாங்கப் போயிருந்தாராம் :-) இன்னிக்கும் புதுசா வர்றவங்களுக்கு வேலை அதேதான். எங்க நிக்கிறதுன்னு பாருங்க. மேல கேலரியில இருந்து எடுத்தா வரிசையா ஹெல்மெட் உச்சி மட்டும் விழும், ஏன்னா சின்னப் பசங்க எப்பவும் பக்கைப் பாத்துக் குனிஞ்சேதான் ஓடுவாங்க. கீழ இறங்கி கண்ணாடிக்குப் பக்கத்துல, கோல் மூலையில நில்லுங்க. லென்ஸைக் கண்ணாடியில ஒட்டினாப்புல, நேரா வைங்க, சாய்ச்சா படம் கலங்கும். கறுப்பு ஜாக்கெட் போட்டா பிரதிபலிப்பு குறையும். முதல் வாரம் முழுக்கக் கோல்கீப்பரையே எடுங்க. பாவம், அவர்தான் ஒரே இடத்துல நிப்பார்.

ஃபிளாஷ் பேச்சே வேண்டாம். கண்ணாடியில அடிச்சுத் திரும்பி வரும், பாய்ஞ்சு வர்ற பக்கைப் பாத்துக்கிட்டிருக்கிற கோல்கீப்பர் கண்ணும் கூசும்.

இப்ப மூணாவது கட்டளை. இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் புலம்பினதே.

கேமராவுல இருக்கிற வெளிச்ச மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளை ஐஸைக் காட்டினா, "அடேங்கப்பா எவ்வளவு வெளிச்சம்" னு நினைச்சு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிச் சாம்பலா ஆக்கிடும். சரி, எல்லாரும் சொல்ற மாதிரி ஒரு ஸ்டாப் கூட்டி வச்சாச்சு, ஐஸ் வெள்ளையா வந்தாச்சு. "இதோட நிறுத்திக்கோ, ஐஸ்ல ஸ்கேட் கீறின கோடு தெரியணும்" கிறாங்க. யாருக்குத் தெரியணும்? அந்தக் கோட்டைப் பாக்கவா பாட்டி ஊர்ல இருந்து படம் கேக்குது? கனடாவுல சிறுவர் ஹாக்கியில முகம் முழுக்க மூடற கம்பி வலையோ கவசமோ கட்டாயம். மேல இருந்து அடிக்கிற வெளிச்சத்தை ஹெல்மெட் மறைக்குது, மிச்சத்தைக் கம்பி திங்குது. உள்ள இருக்கிறது நம்ம பிள்ளையோட மாநிற முகம். படத்துல வர்றது என்ன? பளபளன்னு ஐஸ், அழகான ஜெர்சி, கழுத்துக்கு மேல ஒரு கறுப்புப் பொட்டலம். அதே அளவுல பக்கத்துல நிக்கிற வெள்ளைக்காரப் பையன் முகம் ஏதோ தேறிடும். ஒரே டீம், ஒரே கோல், ஒருத்தன் சிரிக்கிறது தெரியுது, இன்னொருத்தன் இருக்கானான்னே தெரியல.

"இதுலயும் நிறம் பாக்கறியா?" னு கிளம்பி வர்றவங்களுக்கு: நான் பாக்கலை சாமி, அந்த அளவுகோலே பாக்குது. கலர் ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பின கார்டுக்கு ஷெர்லின்னு பேரு. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அந்தத் தோல் சரியா வந்தா மெஷின் சரி, அவ்வளவுதான் சோதனை. பல நிறத்தவரும் இருக்கிற கார்டு பரவலா வர 1990-கள் ஆச்சு. "ஐஸும் முகமும் ஒண்ணா அடங்கற அளவு" னு சொல்றப்ப யார் முகத்தை மனசுல வச்சுச் சொல்றாங்கன்னு கேக்கறது தப்பா? என்.ஹெச்.எல்-ல முதல் கறுப்பின ஆட்டக்காரர் வில்லி ஓ'ரீ மான்ட்ரியால்ல இறங்கினது 1958 ஜனவரி 18. நம்ம மாதிரி தோல் ஐஸ் மேல நிக்கிறது நேத்து வந்த சமாச்சாரம் இல்ல.

அதனால ஆட்டோவைத் தூக்கிப் போடுங்க. அரீனாவுல வெளிச்சம் மாறப்போறதில்ல, மேனுவல்ல வச்சா ஆட்டம் முழுக்க அதே அளவு போதும். வார்ம்-அப் நேரத்துல உங்க பிள்ளை பக்கத்துல வரும்போது முகத்தை எடுங்க, திரையில பெருசாக்கிப் பாருங்க. கம்பிக்குப் பின்னாடி கண்ணு தெரியற வரைக்கும் வெளிச்சத்தைக் கூட்டுங்க. ஐஸ்ல கோடு போச்சா, போகட்டும். கீழ இருந்து எடுக்கறதுல இன்னொரு லாபம், ஐஸே வெளிச்சத்தை மேல திருப்பி அடிக்கும், குனிஞ்ச முகத்துல அது விழும். "இருட்டா எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம்" கிற புத்திசாலித்தனமும் வேண்டாம். தூக்கினா, எந்தப் புள்ளிக்குப் பயந்தீங்களோ அது பூரா அந்த முகத்துலதான் வந்து உக்காரும்.

அடுத்தடுத்த படம் ஒண்ணு மஞ்சளா ஒண்ணு நீலமா வந்தா கேமராவைத் திட்டாதீங்க. இங்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், பழைய அரீனா விளக்குங்க செகண்டுக்கு 120 தடவை மங்கி எரியுது, கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். கேமராவுல ஃபிளிக்கர் குறைக்கிற வசதி இருந்தா போட்டு வைங்க. அதுக்கும் புது லென்ஸ் வாங்கச் சொல்லுவார் கடைக்காரர், காது குடுக்காதீங்க.

பி.கு: மத்தவங்க பிள்ளைங்களையும் எடுக்கறதா இருந்தா அவங்க அப்பா அம்மாகிட்டயும் கோச்கிட்டயும் முதல்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அப்புறம், வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கேமராவை வெளிய எடுக்காதீங்க. ஒரு மணி நேரம் பைக்குள்ளயே மூடிக் கிடக்கட்டும், இல்லன்னா லென்ஸெல்லாம் வேர்த்துடும். மெமரி கார்டை மட்டும் அரீனாவுலயே கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துடுங்க, வீட்ல எல்லாரும் படம் எங்கன்னு கேப்பாங்க.