ஒரகடம் கம்பெனிகளுக்கும் 'மார்க்' போட்டால் என்ன?

வாலாஜாபாத், -
வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் ரோட்டில் போனால் ஒரகடம். கார், பைக் கம்பெனிகள் நிறைந்த ஊர். அதையும் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். மிஷினை ஓட்ட உள்ளூர் ஆள் கிடைக்கிறான். புது மிஷினுக்கு மூளை?

அதற்குத்தான் காலேஜைத் தேடுகிறார்கள். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் ஹூண்டாய் ரூ.180 கோடி அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் அமைக்க!

இரண்டு பக்கமும் லாபம். கம்பெனிக்குப் பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவரும் ரெடியாகக் கிடைக்கிறார்கள். காலேஜுக்குப் பணம், கருவி, நிஜமான தொழில் பிரச்சினை. பாடப் புத்தகத்தில் அது கிடைக்காது.

வாடகை மட்டும் போதாது

தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஒரு கெடுபிடி உண்டு. இடம் பிடித்த கம்பெனி வாடகை கட்டிவிட்டு சும்மா இருக்க முடியாது. ஐ.ஐ.டி.யோடு கூட்டு ஆராய்ச்சி, மாணவர்களுக்குப் பயிற்சி என்று செய்து 'மார்க்' சேர்க்க வேண்டும்.

ஐ.ஐ.டி. பெரிய இடம். கேட்டால் கிடைக்கும். காஞ்சீபுரம் பக்கத்துச் சின்ன காலேஜ் கேட்டால்? ஒரு நாள் கம்பெனியைச் சுற்றிக் காட்டி சர்டிபிகேட் நீட்டினால் அது பயிற்சி ஆகுமா?

ஒரகடத்தில் நிலம் கொடுத்தது அரசின் சிப்காட். இனி இடம் ஒதுக்கும்போதே 'பக்கத்துக் காலேஜ் பையன்களுக்கு ஆறு மாசம் உருப்படியான வேலை கொடு, மார்க் வாங்கு' என்று நிபந்தனை போடலாம். கம்பெனிக்குப் பழகிய ஆள், காலேஜுக்குப் பெயர், பையனுக்கு வேலை.

தரமணியில் நடப்பது ஒரகடத்தில் நடக்காதா?