தோற்க வைப்பது யார்?

ஒரே கால்பந்தாட்டத்தில் ஒரு கட்சி 61 கோல் போட்டது என்று சொன்னால், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பந்து உதைக்கிற பொடியன்கூடச் சிரிப்பான். ஆனால் நடந்தது. 2004-ஆம் ஆண்டு கோவாவில், இரண்டாம் பிரிவு லீக் போட்டியின் முடிவில், கர்ட்டோரிம் ஜிம்கானா என்ற கிளப் சங்கோல்டா லைட்னிங் கிளப்பை 61-1 என்று "தோற்கடித்தது". வில்பிரட் லெஷர் என்ற கிளப் டோனா பாலாவை 55-1 என்று "தோற்கடித்தது". 90 நிமிஷத்தில் 61 கோல் என்றால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று. பந்தை எடுத்து நடுக்கோட்டில் வைக்கவே அந்த நேரம் சரியாய்ப் போய்விடும்!

இதன் பின்னால் இருந்தது சூதாட்டக் கணக்கல்ல, கோல் கணக்கு. ஜெயித்த இரண்டு கிளப்புகளும் மேல் பிரிவுக்குப் போகப் போட்டியிட்டன. கோல் வித்தியாசம்தான் யாருக்கு அந்த இடம் என்று தீர்மானிக்கும் என்ற நிலை. நான்கு கிளப்புகளும் தடை செய்யப்பட்டன.

ஜெயித்தவன் ஆசை விளங்குகிறது. தோற்றவனுக்கு என்ன கிடைத்தது? பதினொரு பேருக்கும் ஒரே நாளில் ஒரே சமயத்தில் கால் மரத்துப் போவதில்லை. "விடு" என்று சொல்ல ஒருவன் இல்லாமல் இது நடக்காது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆட்டக்காரன் சூதாடியிடம் கை நீட்டினான் என்றால் எல்லோருக்கும் சுலபமாகப் புரிகிறது. சூதாடியே இல்லாதபோது அவன் ஏன் தோற்கிறான்? இதை விளங்கிக்கொள்ள ஜப்பான் நாட்டு சுமோ மல்லர்களைப் பாருங்கள். ஏறக்குறைய 600 மல்லர்களில் மாதச் சம்பளம் மேல் இரண்டு பிரிவுகளில் உள்ள 70 பேருக்குத்தான். மற்றவர்களுக்குச் சோறும், படுக்க இடமும், சொற்பப் படியும். சம்பளக்காரன் ஒவ்வொரு தொடரிலும் 15 குஸ்தி பிடிக்க வேண்டும். எட்டில் ஜெயித்தால் அவன் இடம் நிற்கும். ஏழோடு நின்றால் இறங்குவான். சம்பளப் பிரிவின் கடைசிப் படியில் நிற்பவன் இறங்கினால் சம்பளமே போச்சு!

1989 முதல் 2000 வரை நடந்த ஆட்டங்களை இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கடைசி நாளில் ஏழு வெற்றியோடு தவிப்பவன், எட்டு வாங்கிவிட்டவனோடு மோதினால், பழைய கணக்குப்படி நூற்றுக்கு ஐம்பதுக்கும் குறைவாகத்தான் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்ததோ எண்பது! அதே இருவர் அடுத்த முறை மோதும்போது, முன்பு ஜெயித்தவன் நாற்பதுதான் ஜெயித்தான். கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுத்தான். 2011-இல் வேறொரு சூதாட்ட வழக்கில் பிடிபட்ட செல்போன்களில், எப்படி மோதுவது, எப்படி விழுவது என்று மல்லர்கள் எழுதிக்கொண்ட செய்திகள் கிடைத்தன. சில ஆட்டங்களுக்கு ரொக்கமும் கைமாறியிருந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடரே ரத்தாயிற்று.

ஆலையில் பதிலியாக நிற்கும் தோழருக்கு இந்தத் தவிப்பை நாம் விளக்க வேண்டியதில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்பது 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 470-இல் நிற்பவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்! மல்லனின் ஏழாவது வெற்றியும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இருவர் பேசி வைத்து ஒருவன் சம்பளத்தைக் காப்பாற்றினால், கீழே நேர்மையாக மோதி மேலே வரத் துடிக்கும் மூன்றாமவன் சம்பளமில்லாமலே கிடப்பான். திருடப்பட்டது அவனுடைய கூலி. ஆகவே மல்லர்கள் செய்ததை நாம் நியாயப்படுத்தவில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் பாட்மிண்டன் இரட்டையரில் நான்கு ஜோடிகள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தன. சர்வீஸை வலையிலேயே அடித்தார்கள். அடுத்த சுற்று ஏற்கெனவே உறுதி. தோற்றால் எளிய எதிராளி கிடைப்பான் என்பது கணக்கு. சீன ஜோடியும் அதில் உண்டு. மறைத்து எழுத வேண்டிய அவசியம் நமக்கில்லை. எட்டு வீராங்கனைகளும் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்கள். சீனாவின் தலைமைப் பயிற்சியாளர் தாமும் பொறுப்பு என்று மன்னிப்புக் கேட்டார். ஆனால் தோல்விக்குப் பரிசு வைத்த அட்டவணையை எழுதியவர்கள் யாரையும் எவரும் மைதானத்தை விட்டு அனுப்பவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், இரண்டாம் இடம் பெற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி எதிராளியைத் தீர்மானிக்க விதியை மாற்றினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே!

நம் ஊருக்கு வருவோம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கபடி ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியவிடிய ஆடி இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு கட்சியும் பரிசுப் பணத்தைப் பாதிப் பாதியாகப் பேசிக்கொண்டு பேருக்கு ஆடுவதுண்டு. பார்க்க வந்தவன் ஏமாறுகிறான், உண்மை. ஆனால் ஆடுகிறவன் யார்? நேற்றுப் பகலெல்லாம் வயலில் நின்றவன். முட்டி பிசகினால் நாளைக் கூலி போச்சு. கட்டுப் போடும் செலவை விழாக் கமிட்டி தருமா? மைக்கில் அவன் வீரத்தைப் புகழ்ந்தவர் தருவாரா?

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்தின் சோறு என்று ஆகும்போது, அதற்கான ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லி விலை பேசுகிறவனும் வருவான் என்பதைப் போட்டி நடத்துகிறவர்கள் உணர வேண்டும். கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கட்டும். "விடு" என்று சொன்ன பயிற்சியாளருக்கும் நிர்வாகிக்கும் ஆட்டக்காரனுக்கு முன்பாகத் தண்டனை கொடுக்கட்டும். பந்தலுக்கும் மாலைக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை, அடிபடுகிற ஆட்டக்காரனின் வைத்தியத்துக்கும் அவன் இழக்கும் கூலிக்கும் எடுத்து வைக்கட்டும்.